செட்டிநாட்டுக் கூரையும் மின்விசிறியும்

செட்டிநாட்டு வீடுகளில் மின்விசிறி மூன்று விதமாகத் தொங்குகிறது. நூறு வயதைத் தாண்டிய வீட்டில், தேக்குக் கட்டையைச் சுற்றிப் பிடித்த இரும்புப் பட்டையில் தொங்கும். இரும்பு உத்தரம் போட்டுக் கட்டிய வீட்டில், கர்டரின் விளிம்பைக் கவ்விய கிளாம்பில் தொங்கும். கான்கிரீட் வீட்டில், தளம் வார்க்கும்போதே உள்ளே புதைத்த ஒரு சிறு இரும்புப் பெட்டியின் கம்பியில் தொங்கும். இந்தப் பெட்டியைத்தான் கடைகளில் ஃபேன் பாக்ஸ் என்று கேட்டு வாங்குகிறார்கள். பார்வைக்கு அது விசிறியின் உதிரிபாகம். உண்மையில் அது கூரையின் உறுப்பு. விசிறியை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், பெட்டியை மாற்றக் கூரையில் கைவைக்க வேண்டும். ஆகவே இந்த வட்டாரத்தில் மின்விசிறி நுழைந்த கதையைச் சொல்வதென்றால் கூரை மாறிய கதையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் ஊர்களின் தொகுதி. காரைக்குடியும் தேவகோட்டையும் அவற்றில் பெரியவை. சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் உருவானது. அதற்கு முன் இந்த ஊர்களில் பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்திலும், கடியாபட்டி, இராயவரம் போன்றவை 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் இருந்தன. பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், அங்கே ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய நூறாண்டுக் காலம் சொந்த ஊர்களில் பெருவீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் ஐரோப்பிய இரும்பும் வந்தன. தரைக்கு ஆத்தங்குடிக் கல் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டது.

இந்த வீடுகள் மின்விசிறியை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. காற்றுக்கான ஏற்பாடு கட்டடத்தின் அமைப்பிலேயே இருந்தது. தெருவிலிருந்து முகப்பு, முற்றம் சூழ்ந்த வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு பின்தெரு வரை நீளும். வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முன்வாசலில் நிற்பவருக்குக் கொல்லைக் கதவு தெரியும். நடுவே முற்றங்கள் வானத்துக்குத் திறந்திருக்கும். முற்றத்தில் வெயில் பட்டுச் சூடேறிய காற்று மேலெழும்ப, சுற்றியுள்ள பத்திகளின் நிழலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்பும். சுவர்கள் தடித்தவை. கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பின் மேல் முட்டை வெண்கரு கலந்த மெல்லிய பூச்சைத் தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தச் சுவர் சித்திரை வெயிலிலும் கைக்குச் சில்லென்றிருக்கும். கூரையின் உயரம் பதினைந்து அடியைத் தாண்டுவதும் உண்டு, எனவே வெப்பம் ஆள் உயரத்துக்கு மேலேயே தங்கிவிடும். இவ்வளவுக்கும் மேல் காற்று தேவைப்பட்டால் பனையோலை விசிறியும் வெட்டிவேர் விசிறியும் இருந்தன.

விசிறி வருவதற்கு முன்பே கூரையிலிருந்து பல பொருள்கள் தொங்கிக்கொண்டிருந்தன என்பது இங்கே முக்கியம். உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டுவது தமிழ் வீடுகள் எங்கும் உள்ள வழக்கம். வசதியான வீடுகளில் ஊஞ்சல் பலகைக்கென்று உத்தரத்தில் இரும்பு வளையங்களை அடித்து, சங்கிலியில் மாட்டினார்கள். நகரத்தார் வீடுகளின் முகப்பிலும் கல்யாணக் கூடத்திலும் ஐரோப்பியக் கண்ணாடிச் சரவிளக்குகளும் மண்ணெண்ணெய் விளக்குகளும் சங்கிலியில் தொங்கின. விளக்கின் பாரம் அசையாமல் நேராகக் கீழே இழுக்கும். ஊஞ்சல் அப்படியில்லை. இருவர் மூவர் அமர்ந்து ஆடும்போது வளையத்தின் மேல் விழும் இழுப்பு ஒவ்வொரு வீச்சிலும் திசை மாறும், அளவும் மாறும். அந்த இழுப்பைத் தலைமுறைக் கணக்காகத் தாங்கும்படி வளையம் பதிக்கத் தெரிந்த தச்சர்கள் இங்கே இருந்தார்கள். கட்டையை ஊடுருவிச் செல்லும் தண்டு, மேற்புறத்தில் அகன்ற வில்லை, அதன்மேல் மடித்து அடித்த முனை என்பது அவர்களுடைய முறை. பின்னாளில் மின்விசிறிக்குத் தேவைப்பட்டதும் ஏறத்தாழ இதே அறிவுதான். வெளியூரிலிருந்து வந்த இயந்திரத்தை மாட்டுவதற்கான கைத்திறன் உள்ளூரிலேயே தயாராக இருந்தது என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி.

அந்தக் கூரையின் கட்டுமானத்தையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றிய சரிவுகளில் நாட்டோடு பல அடுக்காக வேயப்பட்டிருக்கும். அறைகளின் மேலும் மாடித் தளங்களிலும் இருப்பது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்லும் தளம். சுவருக்குச் சுவர் கனத்த உத்தரங்கள், அவற்றின் மேல் ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள், கட்டைகளுக்கு மேல் ஓரங்குலப் பருமனுள்ள சிறு செங்கற்கள். இந்தச் செங்கற்களைப் படுக்கை வசமாக வைப்பதில்லை. செங்குத்தாக நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்காகச் சாய்வரிசையில், சுண்ணாம்புச் சாந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுக்கொடுக்காமலே வரிசை நிற்கும். அது இறுகிய பின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இத்தகைய தளத்தில் பாரத்தைத் தாங்குவது கட்டை மட்டுமே. இடையிலுள்ள செங்கல் வரிசை மேலிருந்து வரும் பாரத்தைப் பக்கத்துக் கட்டைகளுக்குக் கடத்தும், கீழ்நோக்கி இழுக்கும் ஒரு பாரத்தைப் பிடித்துவைக்க அதனால் முடியாது. அதில் ஆணியோ போல்ட்டோ அடித்தால் சாந்து விட்டு, ஒரு செங்கல் கழன்று, பக்கத்துச் செங்கல்லும் தளரும். வசதி மிக்க வீடுகளில் கட்டைகளை மறைத்துத் தேக்குப் பலகையாலோ அச்சில் அழுத்திய தகட்டாலோ அடிக்கூரை அமைத்தார்கள். அழகுக்காகச் செய்த இந்த மறைப்புக்கும் பாரம் தாங்கும் வலு கிடையாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் பங்கா இருந்தது. நீண்ட மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, சுவர்த் துளை வழியாக வெளியே போகும் கயிற்றை ஓர் ஆள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருப்பார். இரவிலும் இழுத்தார்கள். சொற்பக் கூலிக்கு, பெரும்பாலும் அறைக்கு வெளியே கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து செய்த வேலை அது. தூங்கிவிட்டால் அடியும் உதையும் விழுந்தன. மின்விசிறி இந்தியாவில் விரைவாகப் பரவியதற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை. பங்காவுக்கென்று உத்தரங்களில் கொக்கிகள் ஏற்கெனவே இருந்தன, மின்விசிறி வந்ததும் அந்த மனித உழைப்புக்கான செலவும் நின்றது.

கூரையில் தொங்கும் மின்விசிறி 1880களில் அமெரிக்காவில் பிறந்தது. சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தில் பணியாற்றிய பிலிப் டீல், தையல் இயந்திரத்துக்கென வடிவமைத்த மோட்டாரில் இலைகளைப் பொருத்திக் கூரையில் மாட்டினார். இந்தியாவுக்கு அது பிரிட்டன், இத்தாலி, அமெரிக்க நிறுவனங்களின் சரக்காக வந்து சேர்ந்தது. மிலான் நகரின் மரெல்லி நிறுவனத்துக்கு இந்தியா ஒரு முக்கியச் சந்தையாக இருந்தது. சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடியது, கல்கத்தாவில் 1899இல் மின்விநியோகம் தொடங்கியது. தொடக்ககால மின்நிலையங்கள் பல டி.சி. மின்சாரத்தையே தந்ததால் அந்நாளைய விசிறிகளில் கார்பன் பிரஷ்ஷும் காம்யுடேட்டரும் இருந்தன. மோட்டாரின் கூடு வார்ப்பிரும்பு, இலைகள் மரம் அல்லது பித்தளை. இன்றைய விசிறியைவிடப் பல மடங்கு கனம். இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கல்கத்தாவில் விசிறித் தொழிற்சாலைகள் தோன்றின. பின்னாளில் உஷா விசிறிகளைத் தயாரித்த ஜெய் இன்ஜினியரிங் 1935இல் அங்கே தொடங்கப்பட்டதே.

நகரத்தார் பலர் மின்விசிறியை முதலில் கண்டது சொந்த ஊரில் அல்ல, கடல் கடந்த ஊரில் என்று கொள்ள இடமிருக்கிறது. இரங்கூனில் 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. டிராமை ஓட்டிய நிறுவனமே நகருக்கு மின்சாரமும் வழங்கியது. அந்த நகரின் மொகல் தெருவில் நகரத்தாரின் தொழிலிடமும் தங்குமிடமுமான கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. கடைக் கணக்கை முடித்து மூன்று ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பியவர்கள், அங்கே பழகிய வசதிகளையும் மனத்தில் சுமந்து வந்தார்கள். தேக்கும் கண்ணாடியும் பீங்கானும் வந்த வழியில் மின்சாதனமும் வர முடியாமற் போனதற்கு ஒரே காரணம், ஊரில் மின்சாரம் இல்லாததுதான்.

தென்தமிழகத்தின் சிற்றூர்களுக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வந்தது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டப்படி உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் ஒவ்வோர் ஊரிலும் சிறு அளவில் விநியோகம் நடத்தின. மறுபக்கம் சென்னை மாகாண அரசு 1932இல் பைக்காராவிலும் 1937இல் மேட்டூரிலும் 1944இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்களை இயக்கி, கம்பிப்பாதையை நீட்டிக்கொண்டே வந்தது. செல்வர் சிலர் வீட்டிலேயே எண்ணெய் இன்ஜின் வைத்து மின்சாரம் எடுத்துக்கொள்வது அக்காலத்தில் இந்தியா எங்கும் இருந்த வழக்கம். 1957இல் மாநில மின்சார வாரியம் அமைந்து, ஊர்தோறும் மின்சாரம் பரவிய பிறகே விசிறி செல்வர் வீட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து இறங்கி எல்லார் வீட்டுக்கும் வந்தது.

தேக்குக் கூரையில் விசிறி மாட்டிய முறை கவனித்துப் பார்க்கத் தக்கது. அறையின் நடுப்புள்ளிக்கு நேராகக் கட்டை அமைந்திருந்தால் வேலை எளிது. தடித்த இரும்புப் பட்டையை ‘ப’ வடிவில் வளைத்து, கட்டையை இருபுறமும் அணைத்தபடி பொருத்தி, கட்டையின் பக்கவாட்டில் ஊடுருவும் போல்ட்டால் இறுக்குவார்கள். பட்டையின் அடியில் கொக்கியோ வளையமோ இருக்கும். போல்ட்டுக்கான துளையைக் கட்டையின் உயரத்தில் பாதியளவில் போட வேண்டும் என்பது இதில் உள்ள நுட்பம். பாரம் ஏறும்போது கட்டையின் மேற்புறம் அமுங்கும், கீழ்ப்புறம் இழுபடும், நடுப்பகுதியில்தான் இரண்டும் குறைவு. கீழ்ப்புற நார்களை அறுக்கும்படி அடியிலிருந்து துளை போட்டால் கட்டையின் வலு குறையும். அடியிலிருந்து திருகிய வெறும் திருகுக் கொக்கி இன்னும் மோசம், விசிறியின் ஓயாத அதிர்வில் மரத்தின் பிடி சிறிது சிறிதாக விட்டுப்போகும்.

நடுப்புள்ளி இரண்டு கட்டைகளுக்கு இடையே அமைந்துவிட்டால் குறுக்கே ஒரு தேக்குத் துண்டையோ இரும்புச் சட்டத்தையோ இரு கட்டைகளிலும் பிணைத்து, அதில் கொக்கியை மாட்டினார்கள். பழைய வீடுகளின் கூரையில் கட்டை வரிசைக்குப் பொருந்தாமல் ஒற்றையாகக் குறுக்கே ஓடும் துண்டைக் கண்டால், அது பெரும்பாலும் பின்னாளில் விசிறிக்காகச் சேர்த்ததாகவே இருக்கும். பலகை அடித்த கூரையில் பலகையை அறுத்து மேலே போய்க் கட்டையைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் பலகையிலேயே கொக்கி மாட்டுவது ஆபத்தான குறுக்குவழி.

கூரை உயரமாக இருந்ததால் நீண்ட தண்டு தேவைப்பட்டது. விசிறி தரையிலிருந்து எட்டு முதல் ஒன்பது அடி உயரத்தில் சுற்றினால்தான் கீழே இருப்பவருக்குக் காற்று படும். பதினைந்தடிக் கூரைக்கு ஐந்தாறு அடி டவுன் ராடு வேண்டும். தண்டு நீள நீள, இலைகளின் எடையில் உள்ள சிறு வேறுபாடும் பெரிய ஆட்டமாகத் தெரியும். மோட்டார் ஓடத் தொடங்கும்போது இலைகள் ஒரு பக்கம் சுற்ற, அதன் எதிர்விசை தண்டை மறுபக்கம் முறுக்கும். இதனால் தண்டின் இரு முனைகளிலும் போல்ட்டோடு கோட்டர் பின்னும் கட்டாயம். கொக்கிக்கும் தண்டுக்கும் நடுவே பீங்கான் அல்லது ரப்பர் ரீல் ஒன்று இருக்கும். ரப்பர் ரீல் அதிர்வைத் தணிக்கும், விசிறியின் உடலில் மின்கசிவு ஏற்பட்டால் கூரையின் இரும்புக்கு அது போகாமல் இரு வகையுமே தடுக்கும். இந்திய விசிறி இன்றும் இப்படிக் கொக்கியில் தளர்வாகத் தொங்கும்படியே செய்யப்படுகிறது. ஊஞ்சல் சங்கிலி ஆடுவதைப் போல அதற்கும் சற்றே ஆட இடமுண்டு, ஆட்டத்தின் முறுக்கு கூரைக்குப் பெரிதாகப் போய்ச் சேர்வதில்லை.

மின்கம்பி இழுப்பதில் செட்டிநாட்டு வீடு வேறொரு சிக்கலைத் தந்தது. முட்டைப் பூச்சுச் சுவரில் காடி வெட்டிக் கம்பியைப் புதைத்தால் அந்தப் பூச்சைத் திரும்ப ஒட்டவே முடியாது, ஒட்டுப் போட்ட தடம் என்றைக்கும் தெரியும். எனவே கம்பிகள் சுவரின் மேலேயே ஓடின. முதலில் பீங்கான் குமிழ்களிலும் மூடியிட்ட மரக் கேசிங்கிலும், பிறகு தேக்கு ரீப்பர்களின் மேல் கிளிப் அடித்தும் கொண்டுபோனார்கள். கூரையில் வட்ட மரக்கட்டை ஒன்றை அடித்து, அதன்மேல் சீலிங் ரோஸைத் திருகி, அங்கிருந்து விசிறிக்குக் கம்பி கொடுத்தார்கள். பித்தளைத் தொப்பி போட்ட சுவிட்சும், சுருள் கம்பி வைத்த கறுப்பு ரெகுலேட்டரும் மரப்பலகையில் ஏறின. இந்த அமைப்பில் பாரம் தாங்கும் கொக்கி வேறு, மின்சாரம் தரும் சீலிங் ரோஸ் வேறு. ஒன்றைப் பழுதுபார்க்க மற்றதைத் தொட வேண்டியதில்லை. மிகத் தெளிவான பிரிவினை இது. பின்னாளில் வந்த ஃபேன் பாக்ஸ் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

சுவரின் மேல் ஓடிய அந்த வயரிங் பல வீடுகளில் அப்படியே தங்கிவிட்டது. இவ்வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. வளவைச் சுற்றியுள்ள அறைகள், மணமான இணையைப் புள்ளியாக எண்ணும் கணக்குப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியவை, முற்றமும் முகப்பும் எல்லாருக்கும் உரியவை. தன் அறையில் விசிறி மாட்டிக்கொள்வது ஒருவரின் விருப்பம். பொது இடத்துக் கூரையில் கைவைக்கப் பல ஊர்களில், பல நாடுகளில் இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். மாற்றம் தாமதமானதால் பழைய கூரைகள் பலவும் வெட்டுப்படாமல் தப்பின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1930களில் உலகப் பொருளாதாரச் சரிவு பர்மாவின் அரிசி விலையை வீழ்த்தியது. கடன் திரும்பாமல் நகரத்தார் கையில் வயல்கள் மிஞ்சின. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்தும் போயிற்று. தேக்கு கிடைப்பதும் அரிதானது. அந்த ஆண்டுகளில் கட்டியவற்றில், 1941இல் எழுந்ததாகச் சொல்லப்படும் காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு பெயர்பெற்றது. இதே காலத்தில் இரும்பு கர்டர்களும் கான்கிரீட்டும் செட்டிநாட்டுக் கட்டடங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. கர்டரில் விசிறி மாட்டுவது எல்லாவற்றிலும் சுலபம்: கீழ் விளிம்பை இருபுறமும் கவ்வும் இரு துண்டுக் கிளாம்பை ஒரே போல்ட்டால் இறுக்கினால் போதும், துளையே தேவையில்லை.

விடுதலைக்குப் பிந்திய காரைக்குடி வேறு ஊராக வளர்ந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். அவர் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாயிலும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 சனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. கல்லூரிகளையும் குடியிருப்புகளையும் சுற்றிப் புதிய தெருக்கள் உருவாயின, அவற்றில் கான்கிரீட் வீடுகள் பெருகின. செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் அரண்மனைக் குடும்பமே 1962இல் செட்டிநாடு சிமென்ட் நிறுவனத்தைத் தொடங்கியது. சுண்ணாம்பும் தேக்கும் இருந்த இடத்தில் சிமென்டும் கம்பியும் அமர்ந்தன.

கான்கிரீட் தளத்தில் பிடித்துத் தொங்கக் கட்டை இல்லை. நாலைந்து அங்குலத் தளம் ஒரே கல்லாக இறுகிவிடும். அதற்குப் பிறகு கொக்கிக்கு இடம் தேடுவதைவிட இறுகுவதற்கு முன்பே அதை வைத்துவிடுவதுதான் முறை. தொடக்கத்தில் வளைத்த கம்பியை மட்டும் புதைத்தார்கள். பிறகு கம்பி ஊடுருவிய பெட்டி வந்தது. வட்டமாகவோ அறுகோணமாகவோ அமைந்த தகட்டுப் பெட்டி அது. அதன் குறுக்கே ஒரு தடித்த இரும்புக் கம்பி போகும், கம்பியின் இரு கைகளும் வெளியே நீண்டிருக்கும். சென்ட்ரிங் பலகையின் மேல் கம்பி கட்டி முடித்ததும் எலக்ட்ரீசியன் ஏறிவந்து, அறையின் நடுப்புள்ளியைக் குறித்து, பெட்டியைக் கவிழ்த்து வைத்து, கைகளைத் தளத்தின் கம்பிகளோடு பின்னிக் கட்டுவார். பெட்டிக்குள் சாந்து புகாமல் காகிதமோ மணலோ அடைப்பார். சுவிட்ச் பலகையிலிருந்து வரும் குழாயைப் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் செருகுவார். அடுத்த நாள் கலவை விழுந்த பின் எதையும் திருத்த முடியாது. ஆகவே அந்த அரை நாள் வேலையின் தரம் வீட்டின் ஆயுள் முழுக்க நிற்கிறது. குறுக்குக் கம்பி தளத்தின் கம்பிகளோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே இதில் தவறவிடக் கூடாதது. பிணைக்காமல் சும்மா வைத்த பெட்டி, மேலே உள்ள மெல்லிய கான்கிரீட்டின் பிடியை மட்டுமே நம்பி நிற்கும்.

அமெரிக்காவில் இதே பெட்டியின் கதை வேறு திசையில் போயிற்று. அங்கே வீட்டுக் கூரை மரச்சட்டம், அதன் அடியில் ஜிப்சம் பலகை. விளக்குக்காகப் பொருத்திய பெட்டியில் இரண்டு சிறு திருகுகளால் விசிறியையும் மாட்டினார்கள். அசையாத விளக்கைத் தாங்கிய திருகு, சுற்றும் விசிறியின் கீழ் தளர்ந்தது. ஆகவே விசிறிக்கென்று சோதித்துச் சான்றளித்த பெட்டியையே பயன்படுத்த வேண்டும் என்று அந்நாட்டு மின்சார விதித்தொகுப்பு கட்டாயமாக்கியது. பொதுவான வரம்பு 35 பவுண்டு, எடையைப் பெட்டியிலேயே குறித்திருந்தால் 70 பவுண்டு வரை. அங்கே பழைய பெட்டியை எடுத்துவிட்டு, இரு சட்டங்களுக்கு நடுவே நீளும் இரும்புத் தண்டோடு புதுப் பெட்டி வைப்பது வீட்டுக்காரரே செய்யும் வேலையாகிவிட்டது. செட்டிநாட்டுத் தச்சர் இரு கட்டைகளுக்குக் குறுக்கே போட்ட தேக்குத் துண்டும் அந்தத் தண்டும் ஒரே தீர்வின் இரு வடிவங்கள்.

காரைக்குடியில் பெட்டியை மாற்ற வேண்டி வருவது பெரும்பாலும் துருவினால். மொட்டை மாடியில் ஓதம் இறங்கினால், தளத்துக்குள் போகும் குழாய் வழியே நீர் ஓடி ஃபேன் பாக்ஸில்தான் முதலில் சொட்டும். ஐப்பசி மழையில், கொக்கியை மறைக்கும் விசிறிக் கப்பின் விளிம்பில் நீர் தெரிந்தால் விசிறியை நிறுத்தி, மெயினை அணைப்பது முதல் வேலை. துருப்பிடித்த இரும்பு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். குறுக்குக் கம்பியும் மெலியும், அதோடு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் விழும் உரசலும் அதைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். மாற்றும்போது பெட்டியைச் சுற்றிக் கான்கிரீட்டைச் சிறு உளியால் கொத்தி, தளத்தின் கம்பி தெரியும்வரை திறக்க வேண்டும். துருவைத் தேய்த்து நீக்கி, புதுக் கொக்கியை அந்தக் கம்பிகளின் மேல் போட்டு வளைத்துப் பிணைத்து, சுருங்காத சாந்தால் அடைப்பது ஒரு வழி. தளம் நல்ல நிலையில் இருந்தால் பழைய பெட்டிக்குச் சற்றுத் தள்ளி, விரியும் ஆங்கர் போல்ட்டுகளால் இரும்புத் தட்டு ஒன்றை இறுக்கி, அதில் கொக்கி வைப்பது இன்னொரு வழி. இப்படித் துளைக்குள் விரிந்து பிடிக்கும் பொருத்திகளின் முன்னோடி 1910களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனம் பொருத்த வேண்டியிருந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ், சணல் நாரால் செய்த முளையைக் கண்டுபிடித்தார். இந்த இரு வழிகளில் எதைச் செய்தாலும் மேலே ஒழுக்கை அடைக்காமல் கீழே பெட்டியை மாற்றுவது பயனற்ற செலவு.

ஆங்கர் போல்ட் மெட்ராஸ் டெரஸுக்கு உகந்ததல்ல. சுண்ணாம்பும் செங்கல்லும் அதன் விரிவைத் தாங்காது, துளைபோடும் இயந்திரத்தின் அதிர்வே வரிசையைக் கலைத்துவிடும். ஆனால் அத்தகைய தளமுள்ள பெருவீடுகளை விருந்தினர் விடுதியாக மாற்றும் வேலை கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி, காரைக்குடி எனப் பல ஊர்களில் நடந்து வருகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. வெளியூரிலிருந்து வந்து தங்குபவர் காற்றும் வெளிச்சமும் கேட்பார். விசிறி மாட்டாமல் இருக்க முடியாது. இங்கே நல்ல தொழிலாளர்கள் முதலில் பார்ப்பது கட்டையின் முனைகளை. சுவருக்குள் புதைந்த முனையில் ஈரம் தங்கி, தேக்கும் உளுத்திருக்கலாம். நடுவில் திடமாகத் தெரியும் கட்டை முனையில் பொடியாக இருந்தால் அதில் எதையும் தொங்கவிடலாகாது. அதன்பின் பழைய வளையங்களைத் தேடுவார்கள். ஊஞ்சல் வளையமோ விளக்குக் கொக்கியோ உறுதியாக இருந்தால் அதற்குக் கீழே விசிறியை அமைத்து, புதுத் துளையைத் தவிர்ப்பார்கள். இல்லையென்றால் பழைய முறைப்படியே, கட்டையை அணைக்கும் பட்டை.

மின்கம்பிகளையும் மாற்ற வேண்டும். பழைய கம்பியில் ரப்பர் உறையின் மேல் பருத்தி நூல் பின்னல் இருக்கும். அந்த ரப்பர் இப்போது தொட்டால் உதிரும், மரக்கூரையில் அது தீவிபத்துக்கு வழி. பல வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது. புதுக் கம்பியை உலோகக் குழாயில் போட்டுக் கட்டையின் பக்கவாட்டில், கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத மேல் மூலையில் கொண்டுபோவதும், மாடித் தளம் பலகையாக இருந்தால் பலகைக்கு அடியில் விடுவதும் வழக்கம். சுவர்ப்பூச்சைத் தொடாமல் வாசற்காலின் ஓரமாகவே இறக்கிச் சுவிட்சுக்குக் கொண்டுவருவார்கள்.

விசிறியும் மாறிவிட்டது. சாதாரண விசிறி 70 முதல் 80 வாட் இழுக்க, பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி அதில் பாதிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. 2023 சனவரியிலிருந்து கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். பி.எல்.டி.சி. விசிறியின் மின்னணுச் சுற்று அதனுள்ளேயே இருப்பதால் ரெகுலேட்டர் தேவையில்லை. பழைய சுருள்கம்பி ரெகுலேட்டரோடு இணைத்தால் விசிறி கெடலாம், இணைப்பில் ரெகுலேட்டரை விலக்கிவிட்டு நேரடியாகச் சுவிட்சிலிருந்து கொடுக்க வேண்டும். எடையும் குறைவு, ஆனால் தேக்குக் கட்டையில் மாட்டும்போது பட்டை, போல்ட், ரீல், கோட்டர் பின் ஆகியவற்றில் ஒன்றையும் குறைத்துக்கொள்ள முடியாது. கட்டிட இடிப்பில் வந்த பழைய கனத்த விசிறிகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கி, மோட்டாரைப் புதுச் சுருள் சுற்றி மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய விசிறிக்கு ஒரு கட்டையை நம்பாமல் இரண்டு கட்டைகளில் பாரத்தைப் பகிரும் குறுக்குச் சட்டம் போடுவதே சரியானது.